டாக்டருக்கும் ஒரு கண்ட்ரோல் சார்ட்



சென்ற இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று ஓசூர் பாகலூர் சாலையிலிருந்து வந்தது. எழுதியவர் சிப்காட்டில் ஒரு பிரெஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். மகள் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருடம். “லீவுக்கு வந்தால் புத்தகத்தையே தொடுவதில்லை சார், எந்நேரமும் போன். கேட்டால் ‘படிச்சிட்டுத்தான்பா இருக்கேன், கியூ பேங்க்’ என்கிறாள். ராத்திரி திடீரென்று ‘பார்மகாலஜியில இன்னும் வீக்காத்தான் காட்டுது’ என்று முகம் வாடிப் போகிறாள். காட்டுவது யார்? இது படிப்பா, விளையாட்டா? சந்தா வேறு கட்டியிருக்கிறேன்” என்று கேட்டிருக்கிறார்.

படிப்புதான் ஐயா. கவலை வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியின் நடுவில் இருக்கிற “காட்டுவது யார்?” என்பதை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியவில்லை. இந்த மாத ஆசிரியர் பக்கம் அதற்கே போகிறது.

உங்கள் மகள் கையில் இருப்பது போன்ற கேள்வி வங்கி (கியூ பேங்க்) ஆப்கள் பெரும்பாலும் பி.ஜி. நுழைவுத் தேர்வைக் குறிவைத்துப் பிறந்தவை. நம் ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் உருவான மாரோ, வடக்கே சண்டிகர் பக்கம் உருவான பிரெப்லேடர் ஆகிய பெயர்களைக் கேள்விப்படாத எம்.பி.பி.எஸ். மாணவர் இன்று அபூர்வம். பெரிய பணம் புழங்கும் இடமும்கூட. மாரோவை நடத்தும் நிறுவனத்தில் ஜப்பானின் எம்3 2019-இல் பெரும்பங்கு வாங்கியது. பிரெப்லேடரை அன்அகாடமி 2020-இல் 5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

உள்ளே நடப்பது இதுதான். ஒரு கேள்வி வரும், நான்கு விடை இருக்கும், மாணவி ஒன்றைத் தொடுவாள். சரியா தப்பா என்று சொல்வதோடு, மற்றவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த விடையைத் தொட்டார்கள் என்பதையும் திரை காட்டும். பின்னால் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: எந்தப் பாடத்தில் தொடர்ந்து சறுக்குகிறாள், எதற்கு அதிக நேரம் எடுக்கிறாள், போன மாதம் சரியாகச் சொன்னதை இன்று மறந்துவிட்டாளா? மறக்கிற நேரம் பார்த்து அதே சங்கதியை வேறு வேஷம் கட்டி மறுபடி அனுப்பும். ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து 1885-இல் எழுதிவைத்தார். அந்தக் கணக்கை 1972-இல் லைட்னர் என்பவர் கேள்வி அட்டைகளின் பெட்டிக்குள் கொண்டுவந்தார். 1987-இல் போலந்து மாணவர் வோஸ்னியாக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார். 2006-இல் வந்த ‘ஆங்கி’ என்ற செயலி வழியாக அது உலகமெங்கும் மருத்துவ மாணவர்களின் போனுக்குள் புகுந்துவிட்டது. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொண்டு படிப்பது மனதில் தங்கும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை எந்த ஆய்வும் இல்லாமல் பிரம்பை வைத்துக்கொண்டு செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருக்கும் லெக்சர் ஹாலில் யாருக்கு எது புரியவில்லை என்று எந்தப் பேராசிரியருக்கும் தெரியப்போவதில்லை. 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன; போலுப்பள்ளியில் இருக்கும் நம் கிருஷ்ணகிரி கல்லூரியும் அவற்றில் ஒன்று. 150 இடங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த பிறகு, ப்ளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு அனாடமியை முதன்முதலாக ஆங்கிலத்தில் சந்திக்கிற பிள்ளைகளும் அந்த ஹாலில் இருக்கிறார்கள். கை தூக்கிச் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, ஒரே வீடியோவை எட்டு முறை ஓட்டினாலும் முகம் சுளிக்காத வாத்தியார் போனில் கிடைப்பது பெரிய விஷயம். இதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசினால் அது நியாயமாகாது.

இனி குறைக்கு வருவோம். ஒரு பாம்புக்கடியை எடுத்துக்கொள்கிறேன். சூளகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வேலை பார்க்கிற எந்த டாக்டருக்கும் இது புதிதில்லை.

கேள்வி வங்கியில் இந்தக் கேள்வி கட்டாயம் இருக்கும்: தரையில் படுத்துத் தூங்கிய விவசாயி, விடியற்காலை வயிற்று வலி, இமை கீழே சரிகிறது, கடித்த இடத்தில் வீக்கமே இல்லை. என்ன பாம்பு? கட்டுவிரியன். நன்றாகப் படிக்கிற பிள்ளை பத்து விநாடியில் தொட்டுவிடும். அடுத்த கேள்வி, கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறைகிறதா என்று பார்க்கப் படுக்கையருகிலேயே செய்யும் சோதனை எது? இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை. அதுவும் சரி. ஆப்பில் பச்சை விழும்.

இப்போது அதே பிள்ளை ஹவுஸ் சர்ஜன். இரவு ஒன்றரை மணி. நோயாளியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பாடத்தில் இது ஒன்றரை வரி. வார்டில் இதற்குள் எத்தனை குழி! கண்ணாடிக் குழாய் கிடைக்காமல் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால், விஷமே இல்லாவிட்டாலும் ரத்தம் உறையாமல் நிற்கலாம். சோப்பு நீரில் கழுவிய குழாயிலும் அப்படித்தான். பொறுமையில்லாமல் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டது. முதல் முறை உறைந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தாலும் தப்பு. மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து எடுத்துத் தரும் விஷத்திலிருந்து உருவாகிற மருந்து அது. ஏற்றும்போது ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். அந்த அறையில் எந்தக் குழாய் இருந்தது, யார் அதை ஆட்டினார்கள் என்பது எந்த ஆப்புக்கும் தெரியாது. அதன் கணக்கில் இந்தப் பிள்ளை பாம்புக்கடியில் புலி.

ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990-இல் இதை நான்கு படியாகப் பிரித்தார். தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் செய்கிறார். கேள்வி வங்கி முதல் இரண்டு படியோடு நின்றுவிடும். நம் நாட்டில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த திறன் சார்ந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மேல் இரண்டு படிகளுக்காகத்தான் லாக் புக்கைக் கொண்டுவந்தது. பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரி. முதல் முயற்சியா, மறுமுயற்சியா. எதிர்பார்ப்புக்குக் கீழா, சமமா, மேலா. முடிந்ததா, திரும்பச் செய்ய வேண்டுமா, தனியாகச் சொல்லித்தர வேண்டுமா. கடைசியில் ஆசிரியர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்து, அதன் குறையை அதனிடமே சொல்லித் திருத்துகிற முறை. ஆள் பார்த்துக் கற்பித்தல் என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்குத் தேவையான எல்லாக் கட்டமும் அந்த நோட்டுக்குள் இருக்கிறது. சும்மா இருக்கிறது என்பதுதான் வருத்தம். பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், எல்லா வரிக்கும் “சமம்”, “முடிந்தது” என்று நிரம்பிவிடும் லாக் புக்குகளைப் பற்றி எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆசிரியர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஓ.பி. வரிசையை வைத்துக்கொண்டு நூற்றைம்பது நோட்டை யார் பார்ப்பது?

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அளப்பது என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஓசூரில் ஆலை அமைத்து வளர்ந்த டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. தரக் கட்டுப்பாட்டுக்கான, உலகம் அறிந்த பரிசு அது. மெஷின் பக்கத்தில் தொங்கும் கண்ட்ரோல் சார்ட்டில் புள்ளி வைத்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட சார்ட்டுகளில் ஒன்று கூசம். 1954-இல் பேஜ் என்ற ஆங்கிலேயர் தொழிற்சாலைத் தரச் சோதனைக்காக உருவாக்கியது. ஒவ்வொரு பொருளாகச் சோதித்துக்கொண்டே வர, பிழை வந்தால் கோடு மேலே ஏறும், சரியாக இருந்தால் கொஞ்சம் இறங்கும். எங்கோ ஒரு ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்பதை மாதக் கடைசி ரிப்போர்ட் சொல்வதற்கு முன்பே கோடு சொல்லிவிடும்.

அந்தக் கோடு தொழிற்சாலையை விட்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போனது. லண்டனில் மார்க் டி லெவால் என்ற குழந்தை இதய அறுவை நிபுணர். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்கு இடம் மாறிய ரத்தக் குழாய்களைத் திருப்பிப் பொருத்தும், மிகச் சிக்கலான அறுவை அவருடையது. முதல் 52 குழந்தைகளில் ஒரே ஒரு மரணம். அதற்கப்புறம் கிட்டக்கிட்டப் பல மரணங்கள். துரதிருஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேட்பாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் தன் 104 அறுவைகளையும் வரிசைப்படுத்தி, கூசம் கோட்டில் ஏற்றிப் பார்த்தார். தன் கையில்தான் ஏதோ பிசகியிருக்கிறது என்று கோடு காட்டியது. மறுபடி பயிற்சி எடுத்துக்கொண்டார். கோடு இறங்கியது. எல்லாவற்றையும் 1994-இல் தன் பெயரிலேயே கட்டுரையாக வெளியிட்டார். இன்று மயக்க மருந்து, அறுவை, எண்டோஸ்கோப்பி என்று பல துறைகளில் பயிற்சி டாக்டர்களின் கை எப்போது தேறுகிறது என்று பார்க்க இதே கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு முப்பது முயற்சியில் தேறும், இன்னொருவருக்கு அறுபது ஆகும். எல்லோருக்கும் “ஐம்பது பார்த்தால் போதும்” என்று பொதுவாக எழுதிவைப்பதை விட இது எவ்வளவோ மேல்.

அந்த ஜப்பான் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங், தன் பதினான்கு கொள்கைகளில் பயத்தைப் போக்குவதையும் ஒன்றாக வைத்தார். பிழையைச் சொன்னால் வேலை போகும் என்று பயப்படும் இடத்தில் சார்ட்டில் விழும் புள்ளிகள் எல்லாம் பொய்ப் புள்ளிகள். ஷாப் ப்ளோரில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆடிட் வருகிற அன்று மட்டும் அழகாக இருக்கும் சார்ட்டுகளை நாம் பார்த்ததில்லையா என்ன. மருத்துவக் கல்லூரிக்கு இப்படி அளந்து பார்க்கும் அனலிடிக்ஸ் வரும்போது என் கவலை இதுதான். டி லெவால் மாதிரி தன் கோட்டைத் தானே போட்டுப் பார்க்கும் டாக்டரை அது உருவாக்குமா? அல்லது பிள்ளைகளின் ரேங்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதோடு முடிந்துவிடுமா? முதலாவது நடக்க வேண்டுமானால், கற்கும் காலத்துக் கோடு கற்பவருக்கும் அவரது வழிகாட்டிக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும், பாஸ் பெயிலுக்கு அதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. ஒரு மாணவி இரவு இரண்டு மணிக்கு எந்தக் கேள்வியில் தடுமாறினாள் என்ற தகவலும் அவளுடைய தனிநபர் தகவல்தான்.

“தெரியாது” என்று சொல்வதற்கு இடமிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவக் கல்லூரியில் 1970-களிலேயே ஒரு பரீட்சை தொடங்கினார்கள். முதல் வருடப் பிள்ளையும் கடைசி வருடப் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே தாளை எழுதுவார்கள். கேள்விகள் படித்து முடித்த டாக்டரின் தரத்தில் இருக்கும். ஆண்டுக்கு நான்கு தடவை. முதல் வருடப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதற்காகவே விடைகளில் ஒன்றாகக் கேள்விக்குறி இருக்கும்: தெரியவில்லை என்று அர்த்தம். அதற்கு மார்க் குறையாது. தப்பாக அடித்துவிட்டால் குறையும். முந்தின நாள் உருப்போட்டு ஒன்றும் ஆகாது, ஆறு வருடத்தில் கோடு எப்படி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழின் கற்றல் தளம் ஒவ்வொரு விடையோடும் “உனக்கு எவ்வளவு நிச்சயம்?” என்று கேட்கிறது. தெரியாமல் தப்பாகச் சொன்னவரைப் பற்றி அதற்குக் கவலை குறைவு. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் தப்பாகச் சொன்னவரைத்தான் விடாமல் துரத்தும். படுக்கையில் கிடப்பவருக்கு ஆபத்து அந்த ரகத்திடமிருந்துதான்.

ஏற்கெனவே டாக்டர் ஆகிவிட்டவர்களின் கதை என்ன? 2002 விதிமுறைப்படி ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும். மணிக்கணக்கு அது; ஓட்டல் ஹாலில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடித்து, சான்றிதழோடு வந்தாலும் கணக்கு நேராகிவிடும். அளவுகோல் வேறு மாதிரியும் இருக்கலாம். சஞ்சீவ் அரோரா என்ற இந்திய வம்சாவளி டாக்டர் 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ‘எக்கோ’ திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரிடம் வந்து சேர முடியாத தூரத்தில் இருந்தார்கள். ஆகவே அந்தந்த ஊர் டாக்டர்களை வாரந்தோறும் வீடியோவில் கூட்டி, அவரவர் நோயாளியை வைத்தே கற்றுக்கொடுத்தார். 2011-இல் கணக்குப் பார்த்தபோது, பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம், ஊர் டாக்டர்களிடம் குணமானவர்கள் 58.2 சதவீதம். அந்த டாக்டர்கள் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இந்த முறை நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. பெங்களூரில் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ், 2014 முதல் இதே எக்கோ வழியில் தூரத்து மாநிலங்களின் டாக்டர்களுக்கு மனநல மருத்துவத்தைக் கற்றுத்தருகிறது. 2018-இல் அதற்கென்று ஒரு டிஜிட்டல் அகாடமியும் தொடங்கியது. அந்தச் சாலையில் ஆம்புலன்சில் போய்க்கொண்டே இருக்கிற ஊர் நாம். அதே வழியாகப் படிப்பும் திரும்பி வரலாம்.

வருகிற படிப்பு நம் ஊர் நோயைத் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். டெல்லிக்கும் சென்னைக்கும் பொதுவான கேள்வி வங்கியில் ஊத்தங்கரைப் பக்கத்து முழங்கால் வலிக்கு என்ன இடம் இருக்கும்? தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ப்ளோரைடு அதிகம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதனால்தான். ஆனாலும் பழைய தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லிலும் எலும்பிலும் அது இன்னும் இருக்கிறது, மூட்டுவலி என்று வருகிறவரிடம் “சின்ன வயசில எந்தக் கிணத்துத் தண்ணி?” என்று கேட்கத் தோன்ற வேண்டும். பிரெஸ்ஸில் துண்டான விரலை ஐஸ் கட்டியில் நேராகப் போட்டுக் கொண்டுவருகிறார்கள், விரலின் தசை கெட்டுவிடுகிறது. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். சிப்காட்டின் முதலுதவி அறைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அஞ்செட்டி, தளி மலைப்பக்கத்தில் சிறுவயதுத் திருமணம் இன்னும் ஒழியவில்லை, பதினேழு வயதுக் கர்ப்பம் வார்டுக்கு வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊரில் இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்துகொண்டன. வலி எங்கே என்று கேட்பதே ஒரு திறன். இதெல்லாம் ஒரு டாக்டரின் லாக் புக்கில் ஒரு வரியாவது பெற வேண்டாமா?

அளந்து பார்க்கத் தகவல் இல்லாமல் இல்லை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அன்றிலிருந்து வீடு வீடாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பி.ஹெச்.சி. டாக்டருக்கு, அவர் பார்க்கும் நோயாளிகளில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது என்று மாதாமாதம் ஒரு கோடு, குற்றப்பத்திரிகையாக இல்லாமல் அவர் பார்வைக்கு மட்டும் கிடைத்தால், அதைவிட நேரான பாடம் அவருக்கு எந்த ஆப்பில் கிடைக்கும்?

பாகலூர் சாலை வாசகருக்கு ஒரு வார்த்தை. சந்தாவை நிறுத்த வேண்டாம். மகள் அடுத்த லீவுக்கு வரும்போது பர்சென்டைக் கேட்காதீர்கள். இந்த மாதம் வார்டில் எந்த நோயாளியிடம் உட்கார்ந்து பேசினாய் என்று கேட்டுப்பாருங்கள். அவள் சொல்கிற கதையில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

வரும் இதழிலிருந்து ‘பாடத்தில் இல்லாத கேஸ்’ என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் பணிபுரியும் டாக்டர்கள், செவிலியர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், தொழிற்சாலை முதலுதவி அறையில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம். முந்நூறு வார்த்தைக்குள் இருக்கட்டும். உங்கள் பெயரைப் போட விருப்பமில்லை என்றால் அதையும் குறிப்பிடுங்கள், பெயரில்லாமலே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்